பெயர்த்து நட்ட வீடுகள்

சென்ற ஆண்டு மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நம் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் பதினொருவரை ஹியூஸ்டன் நகரின் நடுவிலுள்ள சாம் ஹியூஸ்டன் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். பெற்றோர் மூவர் தம் வண்டிகளுடன் வந்து உதவினர். பழைய கட்டடங்களைக் கண்டு, கண்டதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுவதே மாணவருக்கு இடப்பட்ட பயிற்சி. அன்று ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. அந்த விடையை இம்மலரின் வாயிலாகச் சொல்ல விழைகின்றேன்.

சுகர் லேண்டிலிருந்து 59ஆம் நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ இருபது மைல் சென்றால் அப்பூங்கா வரும். வானளாவிய கண்ணாடிக் கட்டடங்கள் சூழ நிற்க, நடுவே புல்வெளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகள் சில, வழி தவறி வந்த முதியோர் போல அமைதியாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் தான் கட்டப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. அது 1847இல் கெல்லம் என்பவர் எழுப்பிய செங்கல் வீடு. பின்னாளில் நோபிள் என்னும் அம்மையார் அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார் என்று சொன்னபோது, நம் மாணவர் அவ்வீட்டைச் சற்று மரியாதையுடன் நோக்கினர். 1954இல் அவ்வீட்டை இடிக்கவிடாமல் காக்கவென்று கூடிய நகரத்தாரின் முயற்சியே, மற்ற வீடுகளையும் ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

நாங்கள் முதலில் கண்டது புனித யோவான் தேவாலயம். 1891இல், ஹாரிஸ் கவுண்டியின் வடமேற்கே குடியேறியிருந்த ஜெர்மானிய உழவர்கள் எழுப்பிய சிறிய லூத்தரன் ஆலயம் அது. வெண்ணிறப் பலகைச் சுவர், சரிவான கூரை, முகப்பில் விண்ணை நோக்கி எழும் கூம்புக் கோபுரம் ஆகியவற்றைத் தவிர வெளியே ஆடம்பரம் எதுவுமில்லை. உள்ளே சைப்ரஸ் மரப்பலகையாலான பழைய வாங்குகள் வரிசையாக உள்ளன. சைப்ரஸ் சதுப்பு நிலத்தில் வளரும் மரமாதலால் ஈரத்தில் எளிதில் உளுத்துப்போகாது. வளைகுடாவின் புழுக்கத்துக்கு ஏற்ற மரத்தை அவ்வுழவர்கள் அறிந்திருந்தனர்.

இதனை விக்டோரியா காலத்துக் கட்டடம் என்பர். 1837 முதல் 1901 வரை இங்கிலாந்தை ஆண்ட அரசியின் பெயர், அவரது ஆட்சிக்கு உட்படாத அமெரிக்காவிலும் கட்டடக் கலைக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களின் கோதிக் பாணி மீண்டும் விரும்பப்பட்டது. அப்பாணியின் உயிர் கூர்வளைவு. வட்ட வளைவைக் காட்டிலும் கூர்வளைவு, தன் மேலுள்ள கல்லின் பாரத்தைக் கூடுதலாகக் கீழ்நோக்கிச் செலுத்தும். அதனால் சுவர் உயரலாம், சாளரம் விரியலாம். ஆனால் அமெரிக்கச் சிற்றூர்களில் கல்லும் இல்லை, கற்தச்சரும் இல்லை. அங்கு இருந்தவை மரமும், ஆலையில் அறுத்த பலகையும், புகைவண்டியில் வந்த ஆணியும், ஊர்த் தச்சருமே. எனவே கல்லின் வடிவத்தை மரத்தில் செய்தனர். 1852இல் ரிச்சர்ட் அப்ஜான் என்னும் கட்டடக் கலைஞர், பணவசதியற்ற சிற்றூர்ச் சபைகளுக்கென வரைபட நூலொன்றை வெளியிட்டார். மரத்தாலான தேவாலயம், சிற்றாலயம், போதகர் மனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைக் கட்டும் முறை அந்த ஒரே நூலில் அடங்கியிருந்தது. வழிபடுமிடம், வழிநடத்துவோர் வாழுமிடம், பிள்ளைகள் கற்குமிடம் ஆகிய மூன்றையும் ஒரு சமூகத்தின் குறைந்த அளவுத் தேவைகளாக அவர் கருதினார் போலும்.

மரத்தில் கூர்வளைவுக்கு வேலையே இல்லை. சாளரத்தின் மேலே ஒரு நேர்ச்சட்டம் வைத்தால் போதும். ஆயினும் இத்தகைய மர ஆலயங்கள் பலவற்றில் தச்சர்கள் வருந்தி அந்த வளைவை இழைத்து வைத்தனர். தாங்கள் விட்டுவந்த ஊரின் ஆலயம் அப்படித்தான் இருந்தது என்பதே காரணம்.

மாமல்லபுரத்துக்குச் சென்ற மாணவர் நம் பள்ளியில் பலர் உளர். 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் குடைந்த திரௌபதி ரதத்தை நினைவுகூருங்கள். அதன் கூரை ஓலை வேய்ந்த குடிசையின் கூரை. ஆனால் முழுவதும் கல். கல்லுக்கு ஓலையின் சரிவு தேவையில்லை. அங்கே மரமும் ஓலையும் கல்லாயின. டெக்சாசில் கல் மரமாயிற்று. பொருள் மாறினாலும் பழகிய வடிவத்தை விட்டுவிட மனிதனுக்கு மனம் வருவதில்லை.

அதே பூங்காவில் 1870ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஈரடுக்கு மரவீடு ஒன்றும் உண்டு. அது ஒரு போதகரின் மனை. ஆனால் மேற்சொன்ன ஆலயத்தின் போதகருடையது அன்று. அதைக் கட்டியவர் ஜாக் யேட்ஸ் என்னும் கறுப்பினப் பெரியார். அவர் வரலாற்றை மாணவருக்குச் சொன்னேன், இங்கும் சொல்கின்றேன்.

யேட்ஸ் 1828இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் மனைவி ஹாரியட் வேறொரு பண்ணைக்குரிய அடிமை. உள்நாட்டுப் போரின்போது ஹாரியட்டையும் பிள்ளைகளையும் அவர்களது எசமான் டெக்சாசுக்குக் கொண்டுசென்றான். அப்போது யேட்ஸ் விடுதலை பெற்றிருந்தார். இருந்தும் குடும்பத்தைப் பிரிய மனமின்றி, தம்மை மீண்டும் அடிமையாக ஏற்று உடன் அழைத்துச் செல்லுமாறு வேண்டிக்கொண்டார். 1865 ஜூன் மாதம் டெக்சாசில் விடுதலை அறிவிக்கப்பட்டபின் குடும்பத்தோடு ஹியூஸ்டனுக்கு வந்தார். பகலில் சுமைவண்டி ஓட்டினார், இரவில் போதித்தார். 1868இல் அந்தியோக்கியா பாப்திஸ்து சபையின் போதகரானார். விடுதலை பெற்றோர் குடியேறிய நாலாம் வட்டாரத்தில் 1870இல் இவ்வீட்டைக் கட்டினார். 1872இல் அவரும் பிறரும் தம் மக்களிடம் பணம் திரட்டிப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். ஆண்டுதோறும் விடுதலை நாளைக் கொண்டாட வாங்கிய அந்நிலமே இன்றும் விடுதலைப் பூங்கா என வழங்குகிறது. 1875இல் தொடங்கி 1879இல் முடிந்த அந்தியோக்கியா சபையின் செங்கல் ஆலயம், சாம் ஹியூஸ்டன் பூங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இன்றும் நிற்கிறது. அதனை வடிவமைத்த ரிச்சர்ட் ஆலனும் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரே.

ஒரு மனிதன் தனக்கென வீடு கட்டுவது பெரிய செய்தியன்று. ஆனால் தானே பிறருடைய உடைமையாக இருந்த ஒருவர், விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகளில் ஈரடுக்கு வீடு கட்டினார் என்றால், அவ்வீட்டின் ஒவ்வொரு பலகையும் ஒரு சான்றுப் பத்திரம்.

ஆலயம் 1968இலும் யேட்ஸ் மனை 1994இலும் தம் பழைய இடங்களிலிருந்து பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. ஜெர்மானிய உழவர்களின் ஆலயமும் கறுப்பினப் போதகரின் மனையும் இவ்வாறு அயல் வளவுக்காரர் ஆயின. கட்டியவர்கள் காலத்தில் இப்படியொரு அயலை அவர்கள் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

வீட்டை எப்படித் தூக்கிவர முடியும் என்று மாணவர் வியந்தனர். இப்பகுதியின் பழைய மரவீடுகள் நிலத்தில் புதைந்தவை அல்ல; குறுந்தூண்கள் மேல் அமர்ந்தவை. ஈரமும் கறையானும் அணுகாதிருக்கவும், வெள்ளம் கீழே ஓடவும், காற்று உலவவும் அப்படிக் கட்டினர். ஆகவே சுவரடிச் சட்டங்களின் கீழே நீண்ட உத்தரங்களைச் செலுத்தி, ஜாக்கி வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்தி, சக்கரங்களின் மேல் ஏற்றிச் சாலையில் இழுத்துவரலாம். ஆலயம் இங்கு வந்த அதே 1968ஆம் ஆண்டில்தான், எகிப்து நாட்டில் அணைநீரில் மூழ்கவிருந்த அபு சிம்பெல் கற்கோவிலைத் துண்டு துண்டாக அறுத்து, மேட்டில் மீண்டும் பொருத்தி முடித்தனர். முயன்றால் கல்லையும் பெயர்க்கலாம்.

அப்போதுதான் அந்த மாணவன் கேட்டான்: “ஐயா, அப்படியென்றால் உங்கள் வீட்டையும் கொண்டுவந்திருக்கலாமே?”

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் என்பதும், அங்கு எனக்கு வீடில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். மற்ற மாணவர் அவனை அதட்டினர். நான் சிரித்து, “நேரமாகிறது, வண்டியில் ஏறுங்கள்” என்றேன். ஓர் ஆசிரியன் செய்யத்தகாத செயல் அது.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்து தங்கிய தெல்லிப்பழை எங்களுக்கு அண்மையில்தான். அங்கும், பின்னர் வட்டுக்கோட்டையிலும், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் காலத்துப் பழங்கட்டடங்களைப் பழுதுபார்த்து ஆலயமும் மனையும் பள்ளியும் அமைத்தனர். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னாளில் செல்லரித்த ஏடுகளைத் தேடி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏட்டிலிருந்து தாளுக்கு அவர் பெயர்த்து வைத்திராவிடில் பல நூல்கள் நமக்கு எட்டியிருக்குமோ என்பது ஐயமே.

எங்கள் வீடு சுண்ணாம்புக் கல்லால் கட்டிய சிறிய வீடு. தரையோடு பிணைந்த அச்சுவருக்கு அடியில் உத்தரம் செலுத்த வழியில்லை. 1990இல் போர் காரணமாக எங்கள் ஊர் முழுவதும் வெளியேறியபோது நான் சிறுவன். அதன்பின் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. காணி விடுவிக்கப்பட்டபின் அங்கு சென்ற என் தமக்கை ஒரு படம் அனுப்பினார். கிணறும், வாசற்படி இரண்டும், பற்றைக்காடும் அதில் இருந்தன. படி இருக்கிறது, அது ஏறிச்செல்லும் வீடு இல்லை. அந்தப் படத்தை நான் மாணவர் எவருக்கும் காட்டியதில்லை.

பூங்காவில் கண்டதை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். பெயர்த்து நட்ட வீட்டுக்கும் இழப்பு உண்டு. யேட்ஸ் மனை காக்கப்பட்டது; ஆனால் அது நின்ற தெருவின் நிலை என்ன? அந்த வட்டாரத்தை 1985இல் நாட்டின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்த்தபோது அங்கே ஐந்நூறுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்கள் இருந்தன. இன்று எஞ்சியவை மிகச் சில. வீடு வந்தது, தெரு வரவில்லை. வீடும் எஞ்சாதோர் நம் சுகர் லேண்டிலேயே உளர். 2018இல் இங்கே ஒரு பள்ளிக் கட்டடத்துக்காக நிலத்தை அகழ்ந்தபோது 95 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. யேட்ஸ் வாழ்ந்த அதே காலத்தில், கைதிகளைக் குத்தகைக்கு விடும் முறையின் கீழ்க் கரும்புத் தோட்டங்களில் உழைத்து மாண்ட கறுப்பின மக்கள் அவர்கள். அவர்களுக்கென ஒரு பலகையும் எஞ்சவில்லை. நாம் குடியிருக்கும் இந்நிலத்தின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பில் மாணவருக்கு வேறொரு பயிற்சி கொடுத்தேன். “உங்கள் தாத்தா, பாட்டி வாழ்ந்த வீட்டின் உறுப்புகளுக்கு என்னென்ன பெயர்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்” என்றேன். எல்லோரும் எழுதி வந்தனர். ஒரு மாணவி, தெருத் திண்ணையைக் கடந்தால் ரேழி, அதைக் கடந்தால் கூடம், பின் முற்றம், அப்பால் கொல்லை என்று அழகாக வரிசைப்படுத்தி எழுதியிருந்தாள். நான் ‘ரேழி’ என்னும் சொல்லின் கீழே சிவப்பு மையால் கோடிட்டேன். நான் கேட்டறியாத சொல். மேலும் தமிழ்ச்சொல் ரகரத்தில் தொடங்காது என்னும் இலக்கணம் என் கையில் இருந்தது. “பிழை. நடை என்று எழுதுக” என்று ஓரத்தில் குறித்தேன்.

மறுவாரம் அம்மாணவியின் பாட்டியார் வகுப்புக்கு வந்தார். கும்பகோணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தவர். “தப்பா நினைச்சுக்காதீங்க சார். ரேழின்னா எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். திருக்கோவிலூர்ல ஆழ்வார்கள் மழைக்கு ஒதுங்கின எடம்தானே அது” என்றார்.

எனக்குத் தலை குனிந்தது. இடைகழி என்னும் சொல்லே பேச்சு வழக்கில் ரேழி ஆயிற்று. வாசலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வழி அது. பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய முதலாழ்வார் மூவரும் மழை இருளில் ஒருவர்பின் ஒருவராக வந்து ஒதுங்கியது திருக்கோவிலூரில் ஒரு வீட்டின் இடைகழியில் என்பது வைணவர் மரபு. ஒருவர் படுக்கப் போதுமான இடத்தில் இருவர் அமர்ந்தனர். மூன்றாமவர் வந்தபோது மூவரும் நின்றனர் என்பர். இந்தக் கதையைப் பள்ளியில் நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தவன். அடைக்கலம் தேடி வந்தவருக்கு இடம் கொடுத்த அந்த இடத்தின் பெயரைத்தான், அடைக்கலம் தேடி வந்த நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

அன்று மாணவர் முன்னிலையில் அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளது தாளில் என் குறிப்பை வெட்டி, ‘சரி’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பின்னர் கரும்பலகையில் எங்கள் வீட்டை வரைந்தேன். முப்பது ஆண்டுகளுக்குமேல் அதனை நான் வரைந்ததில்லை. விறாந்தை, தலைவாசல், அடுப்படி, கிணற்றடி, கூரைக்குத் தீராந்தி, வளை, சிலாகை என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் எழுதினேன். வேலியிலே படலை, பெரிய வளவுகளில் அது சங்கடப் படலை. பூங்காவில் கேள்வி கேட்ட மாணவன் கையுயர்த்தி, “படலைக்கு ஏன் சங்கடம், ஐயா?” என்றான். சங்கடப் படலை கூரை வேய்ந்த படலை. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் ஒதுங்கி இளைப்பாற அமைத்தது என்று விளக்கினேன். அவன் சிறிது யோசித்து, “அப்படியென்றால் அதுவும் ரேழிதான், வெளியே இருக்கிறது” என்றான். அம்மாணவியின் பாட்டியார் கைதட்டினார்.

அவனுக்கு நான் தரவேண்டியிருந்த விடை அப்போது எனக்குக் கிட்டியது. எங்கள் வீட்டுச் சுவரைத் தூக்கிவர இயலாது. ஆனால் அதன் உறுப்புகளின் பெயர்கள் அனைத்தும் என்னோடு வந்திருக்கின்றன. ஜெர்மானிய உழவர்கள் தம் ஊர்க் கல்லைக் கொண்டுவரவில்லை. அதன் வடிவத்தை மனத்தில் கொண்டுவந்து, கிடைத்த மரத்தில் செய்தனர். நாமும் கிடைத்த வகுப்பறையில், கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில், அதனைத்தான் செய்கின்றோம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: பெயர்த்து வரும்போது, என் வீடுதான் சரி, உன் வீடு பிழை என்று சொல்லத் தொடங்கினால், ஒரு வீடும் நிலைக்காது.

அன்று தொடங்கிய சொற்பட்டியல் நம் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. இதுவரை நூற்று இருபதுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்துள்ளன. ரேழிக்குப் பக்கத்திலேயே சங்கடப் படலை இருக்கிறது. பெற்றோரே, ஆண்டு விழாவுக்கு வரும்போது உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு சொல்லைக் கொண்டுவந்து அதில் எழுதுங்கள். கோவையின் சொல்லும், நெல்லையின் சொல்லும், மலையகத்தின் சொல்லும், மட்டக்களப்பின் சொல்லும் இன்னும் போதுமான அளவு வந்து சேரவில்லை. உங்களோடு தாத்தாவோ பாட்டியோ இருப்பின் அவர்களையே அழைத்து வாருங்கள். வகுப்பறை சிறியதுதான். இடம் போதாவிட்டால் நின்றுகொள்ளலாம்.